பிரமிளாவின் குவைத் நேரம்

குவைத்திலிருந்து பதினோரு வருஷம் கழித்துத் திரும்பிய பிரமிளா எதைப் பேசினாலும், பேசிய இடத்திலேயே, சரியாக இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் கேட்கும். ரேணிகுண்டா விமான நிலையத்தில் மகள் கௌசிகாவைக் கட்டிப்பிடித்து அவள் வாயசைத்தபோது சத்தமே வரவில்லை. வீட்டார் நாகலாபுரம் வந்து சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில், அங்கே விமான நிலைய வாசலில், ஆளில்லாத இடத்திலிருந்து ஒரு பெண்குரல், "எங்கண்ணு, எவ்ளோ ஒசரமாயிட்ட" என்று அழுதது. காவலுக்கு நின்றவர் அதைத் தெலுங்கில் பதிவேட்டில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்.

திருப்பதியில் தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, ஆ சொல்லச் சொன்னார். சொன்னாள். ஒன்றும் கோளாறில்லை என்று அனுப்பிவிட்டார். மதியம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரிய மீசைக்காரர் வாயை மூடியபடியே பெண்குரலில் "ஆ" என்றார். அவர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தது புருஷன் சம்பத்துதான். குவைத் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் என்று போன் போடுவதற்காகப் பதினோரு வருஷமாகக் கழித்துக் கழித்துப் பழகியவன். "ஆளு வந்துட்சி, வாய் இன்னும் அந்த ஊரு டைமுலயே கீது" என்றான். ஊருக்கும் அது சரியாகப் பட்டது. பிறகு யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. சத்தியவேடு டிப்போவில் காலி பஸ் ஒன்று "நாகலாபுரம் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டால்கூட யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கௌசிகாவுக்குத்தான் அது ஆகவில்லை. மூன்று வயதில் விட்டுப் போன குழந்தைக்கு இப்போது பதினான்கு. போனில் துன்னியா, படிச்சியா என்று கேட்ட அம்மா, நேரில் வந்தும் வாயைத்தான் அசைக்கிறாள். காலையில் பிள்ளையிடம் சொல்வதெல்லாம் பத்தரை மணிக்குக் காலி வீட்டில் கேட்கும். பிள்ளை அப்போது பள்ளிக்கூடத்தில். குவைத் பெட்டியைப் பரணில் ஏற்றச் சம்பத் தூக்கியபோது கௌசிகா தடுத்தாள். "வேணா நைனா. எப்பிடியும் போவப்போறாங்க. எறக்கறதுக்கு யாரு ஏறுவா?" பெட்டி கதவோரமாகவே ஐந்து மாதம் நின்றது. போகிற வருகிறபோதெல்லாம் பிரமிளா அதில் இடித்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பதியிலிருந்து ஏஜென்ட் ஜெயபிரகாஷ் வந்தார். குவைத்தில் வீட்டுவேலை பார்த்த பழைய வீட்டுக்காரர்களே பிரமிளாவைத் திரும்பக் கூப்பிடுகிறார்களாம். சம்பத் டீ வாங்கப் போயிருந்தான். "போறியாமா, இல்லியா? இன்னொரு பொம்பள ரெடியா கீறா" என்று கேட்டுவிட்டு ஏஜென்ட் போனைத் தடவினார். கௌசிகா அம்மாவின் உதட்டைப் பார்க்கக்கூடாது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரமிளா பதில் சொன்னாள். அப்போது மணி ஒன்பது நாற்பது.

ஏஜென்ட் நிமிர்ந்து, தலையையாவது ஆட்டு என்றார். ஆட்டவில்லை. பேப்பரும் பேனாவும் நீட்டினார்; தள்ளிவிட்டாள். நிலத்தில் மூன்று போர்வெல் போட்டும் தண்ணீர் வராத அந்த வருஷம், குவைத் போறியா என்று இதே ஆள் கேட்டபோது அவள் தலையைத்தான் ஆட்டினாள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். போகிறேன் என்று வாயால் சொன்னதே கிடையாது. அதனால் இந்தத் தடவை வாயால் சொன்னது கேட்கட்டும் என்று அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் எல்லாரும் காத்திருந்தார்கள். ஏஜென்ட் இரண்டு டீ குடித்தார், புளிச்சோறு சாப்பிட்டார், கரண்ட் போய் வந்தது. கௌசிகா கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். 

பன்னிரண்டு பத்துக்கு வீட்டு நடுவில் பிரமிளாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "போவ மாட்டேண்ணா. எம்பொண்ணு இங்க கீறா. நா அங்க போயி இன்னா பண்ணப்போறேன்?"

ஏஜென்ட் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சத்தியவேட்டிலிருந்த அந்த இன்னொரு பெண்ணுக்குப் போன் போட்டபடியே போனார்.  கௌசிகா ஈரக் கையோடு வந்து, பெட்டியைத் தானே தூக்கி, நாற்காலிமேல் ஏறிப் பரணில் தள்ளினாள். இறங்கி அம்மாவின் மடியில் தலை வைத்து அழுதாள். கேள்விப்பட்டபோது ஊர்க்காரர்கள் எங்களுக்கும் அப்பாடா என்றிருந்தது.

குரல் அதற்கப்புறமும் நேரத்துக்கு வரவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பள்ளிக்கூட பஸ் நாலரைக்கு வரும். பிரமிளா தினமும் இரண்டு மணிக்கு வாசலுக்குப் போய், யாருமில்லாத தெருவைப் பார்த்து, வாய் நிறையப் பேசிவிட்டு வருவாள். நாலரைக்குக் கௌசிகா செருப்பைக் கழற்றும்போது, "வந்துட்டியா கண்ணு, கை கழுவிக்கினு வா, தோசை ஊத்தறேன்" என்று வாசல் சொல்லும். உள்ளே கல் காய்ந்துகொண்டிருக்கும். பஸ் தாமதமானால் மட்டும் கௌசிகாவுக்குக் கோபம் வரும். டிரைவரிடம் சண்டைக்குப் போய்விடுவாள்.