டீச்சர் திருத்திய புத்தகம்

அம்மா மனம் மாறுவார் என்று நினைத்துச் சதீசன் அந்தப் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. கேள்வித் தொல்லை தாங்காமல்தான் கொடுத்தான். பௌர்ணமி விடுமுறையான போயா நாள் தவறாமல் அவன் பதுளையில் பஸ் ஏறி அப்புத்தளைக்குப் போய், பலீல் தையல் கடைக்கு மேலே உள்ள அறையில் வாசகர் வட்டம் நடத்திவிட்டு வருவது அம்மா ஜெயமலர் டீச்சரைக் குடைந்துகொண்டே இருந்தது.

"அப்பிடி என்னதான் வாசிக்கிறியள்?"

"இடதுசாரிப் புத்தகங்கள் அம்மா. உழைக்கிற சனத்தைப் பற்றி."

"எழுதினவர் உழைச்சவரோ?"

அது சதீசனுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பு நூல் ஒன்றை எடுத்து நீட்டினான். "இதில இருந்து தொடங்குங்கோ. ரெண்டு வருசமா வட்டத்தில எல்லாரும் வாசிச்சது."

ஜெயமலர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, முப்பத்தொரு வருடம் பதுளையில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சிவப்புப் பேனை இல்லாமல் வாசிக்க அவருக்கு வராது. கல்யாண அழைப்பிதழைக்கூடத் திருத்திவிட்டுத்தான் அலுமாரியில் வைப்பார்.

ஐந்தாம் நாள் புத்தகம் மேசையில் கிடந்தது. சதீசன் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தான். ஒற்றுப்பிழைகளைச் சுற்றி வட்டங்கள். ஓரமெல்லாம் முத்து முத்தான எழுத்து. "ஏன்? காரணம் தருக." "இதையே முன்பக்கத்திலும் சொன்னீர்." "கோபம் நியாயம். உதாரணம் எங்கே?"

"அம்மா, இது வட்டத்தின்ர புத்தகம்!"

"அதுதான் திருத்தினனான். பத்துப் பேர் பிழையா வாசிக்கிறதோ?"

அடுத்த போயாவில் அதைப் புத்தக இறாக்கையின் அடித்தட்டில் செருகப் பார்த்தான். பூனாகலையில் தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்யும் ஜெசிந்தன் கண்டுவிட்டான். வாங்கிப் பிரித்தவன் சிரிக்கத் தொடங்கினான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் சஜீவனியும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். நாற்பத்தெட்டாம் பக்கத்தில் இருவருக்கும் சிரிப்பு நின்றது. அங்கே டீச்சர் எழுதியிருந்தார்:

"இதன் பிறகு மறுபடி 33 வருகிறது. 49 முதல் 64 வரை இல்லை. இது புத்தகம் கட்டியவர் பிழை. இரண்டு வருடம் வாசித்தவர்கள் கவனிக்காதது யார் பிழை?"

நாலாம் அத்தியாயம் முழுக்க அந்த இல்லாத பக்கங்களில்தான் இருந்திருக்க வேண்டும். அந்த அத்தியாயத்தைப் பற்றிப் போன வருடம் ஒரு மணி நேரம் பேசியவன் சதீசன்.

"தோழர், அன்னைக்கு நீங்க எதைப் பத்திப் பேசுனீங்க?" என்று ஜெசிந்தன் மெதுவாகக் கேட்டான்.

"பொதுவா..." என்றான் சதீசன்.

"அடுத்த தடவை டீச்சரைக் கூட்டிட்டு வாங்க."

"பார்க்கத்தான் வாறன், சேரமாட்டன்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த போயாவில் ஜெயமலர் அப்புத்தளைப் பனிமூட்டத்தில் குடையோடு வந்து இறங்கினார். நாற்காலியில் அமர்ந்ததும், "புத்தகத்தில உதாரணம் இல்லை. நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ" என்றார்.

ஜெசிந்தன் ரஷ்யாவில் தொடங்கினான்.

"அவ்வளவு தூரம் வேண்டாம். இந்தப் பக்கத்தில?"

சஜீவனிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவளுடைய அம்மா றோசாலி கொழுந்து பறிப்பவள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஒரு மணிக்கூடு. அது பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது. அதன்படி பிந்தி வந்தவர்களுக்கு அன்று வேலை இல்லை.

"அம்மா நேரத்துக்குத்தான் போறாங்க டீச்சர். போன மாசம் நாலு நாளு திருப்பி அனுப்பிட்டாங்க. கேட்டா, தொரையோட மணிக்கூடு பொய் சொல்லுமான்னு கேக்குறாங்க."

ஜெயமலர் கண்ணாடியைக் கழற்றினார். "பிந்தி வந்த பிள்ளையளை நானும் வெளியில நிப்பாட்டியிருக்கிறன்" என்றார். "எங்கட பள்ளிக்கூட மணிக்கூடு சரியோ எண்டு ஒருநாளும் பார்க்கேல்லை."

அன்றே தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவதென்று முடிவாயிற்று. சதீசன் எழுதியதில் வரலாறு, அநீதி, அறைகூவல் எல்லாம் இருந்தன. டீச்சர் நாலு தரம் வெட்டினார். கடைசியில் மிஞ்சியது இரண்டு வசனம்: "பெரட்டுக்கள மணிக்கூடு பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது. திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்." கீழே கொழுந்து பறிப்பவர்களின் நாற்பத்திரண்டு கையெழுத்து.

இரண்டு கிழமையில் ஒருவன் ஏணியோடு வந்து மணிக்கூட்டு முள்ளைத் திருப்பிவிட்டுப் போனான்.

"பாத்தியளோ, ஒண்டாச் சேர்ந்தா வெல்லலாம்" என்றான் சதீசன்.

"சேர்ந்ததும் சரி. எழுத்துப்பிழை இல்லாததும் சரி" என்றார் ஜெயமலர்.

அந்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு றோசாலி மகளுடன் பதுளைக்கு டீச்சர் வீட்டுக்கு வந்தாள், கறிக்கு வெலிமடை லீக்ஸ் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தவள், "டீச்சரம்மா, நீங்க கட்சிக்காரங்களா?" என்று கேட்டாள்.

"சீச்சீ, இல்லை."

"அப்ப தைரியமாச் சொல்லலாம். எங்க லயத்து வீட்டுல கூரை இருக்கு பாருங்க..."

"கொஞ்சம் பொறுங்கோ" என்று அவளைக் கையமர்த்திவிட்டு, ஜெயமலர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சதீஸ், கொப்பியும் பேனையும் கொண்டு வா. இவ சொல்லுறதை அப்பிடியே எழுது. உன்ர சொல் ஒண்டும் போடாதை."

சதீசன் வந்து தரையில் உட்கார்ந்தான். றோசாலி கூரையில் தொடங்கித் தண்ணீர்க் குழாய்க்கு வருவதற்குள் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது.