மூன்றாவது ரைட்டர்

இரண்டாவது டிவிடி ரைட்டரையும் திருப்பிக் கொடுக்க வந்து நின்ற லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்ததும் கடைக்காரர் பெருமூச்சு விட்டார். அதை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் சொருகி, அவர் கண்ணெதிரிலேயே ஒரு டிஸ்க்கில் பதிந்து காட்டினார். வீட்டில் பாதி வழியில் முனகி நின்றுவிடுகிற அந்தச் சனியன், கடையில் சமர்த்தாக ஓடி முடித்தது. மெக்கானிக்கின் முகத்தில் அசடு வழிந்தது.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார். பேசாம படங்களை எங்கிட்ட குடுங்க, நானே போட்டுத் தரேன்."

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் குடும்பப் படங்களை வெளியாள் பார்ப்பதா என்று மறுத்துவிட்டு, மூன்றாவதாக ஒன்றைத் தேடத் தொடங்கினார். கெட்டியான பெட்டி நல்லதா, மெல்லியது நல்லதா? இணையத்தில் ஒருவன் தங்கம் என்று புகழ்ந்ததையே இன்னொருவன் குப்பை என்று திட்டியிருந்தான். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. கடைசியில் கடைக்காரர் கையில் திணித்ததை வாங்கிக்கொண்டு வந்தார்.

படங்களைக் கேட்டவள் அவர் மனைவி. இப்போது தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். அங்கே டிவியோடு இருக்கும் பழைய பிளேயரில் டிஸ்க் மட்டும்தான் ஓடும். பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. ஊரில் எந்த லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டாலும் விழுந்தடித்து ஓடுகிற மனுஷர், வீட்டில் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான். "சண்டை போடக்கூட இங்க ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். துணிமணிகளையும் பாத்திரங்களையும் அவ்வப்போது வந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போய்விட்டாள். பாக்கி இந்தப் படங்கள்தான். இவையும் போய்விட்டால் அவள் இந்தப் படியேற ஒரு காரணமும் இருக்காது. அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஆனாலும் அவர் வேண்டுமென்று எதையும் கெடுக்கவில்லை. டிஸ்க் நிற்கும்போதெல்லாம் கோபம்தான் வந்தது. கோபத்துக்கு அடியில் ஒரு 'அப்பாடா'வும் வந்தது. எது நிஜம் என்று அவருக்கே விளங்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஃபோன் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் ஃபோனில் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

மூன்றாவது ரைட்டரும் நின்றது. இந்த முறை அவள் நேரிலேயே வந்துவிட்டாள். தோள்பையைக் கழற்றாமல் குனிந்து, ஒயர் போன வழியைப் பார்த்தாள்.

"ஏங்க, இதைக் கம்ப்யூட்டருக்கு முன்பக்கம் ஏன் சொருகியிருக்கீங்க? அதுல கரண்ட் பத்தாது, எதுவும் ஒழுங்கா ஓடாதுன்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க."

சொன்னவர் அவர்தான். நின்றுபோன எந்த லிஃப்டிலும் முதலில் கரண்ட்டைத்தான் பார்ப்பார். இங்கே மட்டும் அது எப்படித் தோன்றாமல் போயிற்று? மறந்தேனா, மறந்ததுபோல இருந்தேனா? மனசு முழுக்கத் துழாவினார்.

"மறந்துட்டேன் போல" என்றார்.

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் சொருகினாள். அவர் புது டிஸ்க் ஒன்றை வைத்தார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் பச்சைக் கோடு வளர்வதைப் பார்த்தார்கள். போன முறைகளில் நின்ற இடத்தை அது அலட்டிக்கொள்ளாமல் தாண்டியது. ஏதாவது பேச வேண்டும், இப்போதே பேச வேண்டும் என்று இருந்தது. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

"இரேன்" என்றார். அவ்வளவுதான் வந்தது.

அவள் திரும்பவில்லை. பதிந்து முடித்த ரைட்டர் தன் தட்டை வெளியே நீட்டியது. அவள் டிஸ்க்கை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"சூடா இருக்கு. ஆறட்டும்."

பை தோளிலேயே இருந்தது. அவள் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டாள்.