முந்நூற்றுப் பத்து கிராம்

என் தம்பிக்கு நான் வெச்ச பேரு கிராம். கடைத் தராசுகளைச் சோதிச்சு முத்திரை குத்துற உத்தியோகம் அவனுக்கு. அந்தப் புத்தி சைக்கிள்லயும் ஏறிடுச்சு, சுமை குறைஞ்சா வேகம் கூடுமாம். பல் தேய்க்கிற பிரஷ்ஷோட பிடியையே பாதியா வெட்டிட்டு, "ஏழு கிராம் மிச்சம்க்கா"ன்னு இளிப்பான். ஒன்பது வயசுலேர்ந்து சர்க்கரை, தினம் ஊசி. தோள்கிட்ட ஒரு வில்லை ஒட்டியிருப்பான். ரத்தத்துல சர்க்கரை இறங்கினா அது அவன் போனுக்குச் சொல்லும், போன் கீச் கீச்சுன்னு கத்தும். உடனே ஒரு டியூப் சர்க்கரை ஜெல்லை வாயில பிதுக்கணும். அவ்வளவுதான் வைத்தியம். ஆனா அது உடனே நடக்கணும்.

ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பேரும் ஏரிக்கரை ரோட்டுல கிளம்புவோம். ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் மலை, பாத்துட்டே இருக்கலாம். ஏத்தம் ஆரம்பிக்கிற பாலத்துல அவன் போனையும் ஜெல் டியூப்பையும் என் முதுகுப் பையில திணிப்பான். "முந்நூத்திப் பத்து கிராம், உன் தலையில."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னாடா?"

"எப்படியும் நீ என் பின்னாடிதானே வருவே? விழுந்தா உன் கண்ணுல படாம எங்க போயிடப் போறேன்?"

நியாயம்தான். அஞ்சு வருஷமா நான் பின்னாடிதான். பார்லர்ல ஆறு நாள் நின்னே முடி வெட்டுற காலு, வேற என்ன செய்யும்? தப்பித்தவறி நான் நெருங்கினாலும், "நில்லுக்கா, டயர்ல காத்து போகுது"ம்பான். நான் பதறி நிறுத்துவேன், அவன் சிரிச்சுட்டே பறந்துடுவான். திருட்டுப்பய.

நேத்து ஏழாவது வளைவுல அவனைப் பிடிச்சுட்டேன். ஆடி ஆடி மிதிச்சுட்டிருந்தான். முந்தும்போது என் பைக்குள்ள போன் கீச்சுன்னுது. வேற ஏதோ மெசேஜுன்னு நினைச்சேன். இல்ல, பொய் சொல்லக் கூடாது. என்னன்னு பாக்கணும்னு தோணுச்சு, மேல போய்ப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். "நில்லுக்கா"ன்னான். "போடா டேய், உன் தந்திரமெல்லாம் பழசு!"ன்னு கத்திட்டு, எழுந்து நின்னு மிதிச்சேன். அய்யோ, என்ன சந்தோஷம் எனக்கு!

உச்சியில ஏரியை போட்டோ எடுத்தேன். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். அவன் வரல. அப்புறம்தான் அவன் போனை எடுத்தேன். கடைசி அளவு அம்பத்தி நாலு, எழுபதுக்குக் கீழ போனாலே ஆபத்து. பக்கத்துல கீழ் நோக்கின அம்பு. அதுக்குக் கீழ 'தொடர்பு இல்லை'.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டா, வர நாப்பது நிமிஷமாம். பிரேக்கையே தொடாம இறங்கினேன். ஒவ்வொரு வளைவுலயும் பேரைச் சொல்லிக் கத்தினேன். பாலம் வரைக்கும் வந்துட்டேன், ஆளைக் காணோம். பாலத்துல மீன் வித்தவர் யாரும் இறங்கலைம்மான்னார். அப்போ வழியிலதான் எங்கேயோ இருக்கான், நான்தான் குருடி மாதிரி தாண்டி வந்திருக்கேன்.

அந்த வில்லையோட பேச்சு இருபதடிக்கு மேல எட்டாது. வேகமா போனா பிடிக்கவும் பிடிக்காது. அவனை முந்தின ஏழாவது வளைவு வரைக்கும் மிதிச்சு ஏறினேன், அங்கேர்ந்து சைக்கிளைத் தள்ளிக்கிட்டு, போனைக் கையில நீட்டிப் பிடிச்சு, ஏத்தத்துல நடந்தேன். பத்தடி வெக்கிறது, நிக்கிறது. ஓடணும்னு காலு துடிக்குது, ஓடக் கூடாது. "கத்தித் தொலையேன், கத்தேன்"னு போனைக் கெஞ்சினேன். அம்மாகிட்ட என்ன சொல்லுவேன்? ஜெயிச்சுட்டேம்மான்னா?

எட்டாவது வளைவுல கீச்சுன்னுது. முப்பத்தொண்ணு.

தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், சைக்கிளோட புதர்ல கிடந்தான். சட்டை வேர்வையில ஊறியிருந்துச்சு, உதடு வெளுத்துக் கிடந்துச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, ஜெல்லை விரல்ல எடுத்து ஈறுல தேய்ச்சேன். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். "முழிச்சுக்கடா, இனிமே பின்னாடியே வரேன்டா, சாகுற வரைக்கும் பின்னாடியே வரேன்." அழுகையில மூக்கு ஒழுகுது, துடைக்கக் கையில்ல. எவ்வளவு நேரம் தேய்ச்சேன்னு தெரியாது. போன் முப்பத்தெட்டுன்னுது. நாப்பத்தி ஆறு. ஆம்புலன்ஸ் சத்தம் தூரத்துல கேக்கும்போது அவன் கண்ணு திறந்துச்சு.

நாக்கு குழறிச்சு.

"நில்லுன்னு கூப்பிட்டேன்க்கா. காத்து ஜாஸ்தி. உனக்குக் கேட்டிருக்காது."

ஆமான்னு தலையாட்டியிருந்தா போதும். தப்பிக்க ஒரு சாக்கை அவனே எடுத்துக் குடுக்கிறான். நேத்து ஏரியில ஒரு அலை கூட இல்ல, அவ்வளவு அமைதி.

"கேட்டுச்சுடா"ன்னேன்.