கையகலப் பச்சை

புதிதாக வாங்கிய பீரோவின் மூலைதான் உரசியது. வாசல் கேட்டின் வலது கதவில் கையகலத்துக்குப் பச்சை பெயர்ந்து உள்ளே இரும்பு தெரிந்தது.

"ரெண்டு கதவையும் தொறங்கன்னு சொன்னேன்," என்றாள் அம்சவல்லி.

அவள் புருஷன் கொளஞ்சிநாதன் பீரோவை நிமிர்த்திப் பிடித்தான். மினி வேன்காரரும் அவனுமாகப் பீரோவை மாடிக்கு ஏற்றினார்கள். அவன் இறங்கி வந்தபோது அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"ரெண்டு கதவையும்..."

"காதுல வுழுந்துச்சு."

மந்தாரக்குப்பத்தில் அந்த வீடு பேச்சியம்மாளுடையது. கீழே அவள் தனியாக இருந்தாள். மாடியில் இவர்கள் இருவரும் வாடகைக்கு இருந்தார்கள். பேச்சியம்மாளின் கணவர் வெள்ளைச்சாமி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நிலக்கரிச் சுரங்க வேலைக்கு வந்தவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்த வீட்டைக் கட்டினார். கேட்டுக்கு அவரே அடர்பச்சை அடித்தார். அவர் இறந்த பிறகு மகன் வந்து சுவர்களுக்கெல்லாம் புது வண்ணம் பூசினான். கேட்டைத் தொட மட்டும் அவள் விடவில்லை.

குடிவந்த அன்று இவர்களிடமும் அதைத்தான் சொன்னாள்.

"கேட்டுல மட்டும் கை வச்சிராதீய. தொடைக்கிறதுன்னாலும் நான்தான் தொடைப்பேன்."

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வாளித் தண்ணீரும் பழைய பனியன் துணியுமாகக் கேட்டின் முன் உட்காருவாள். துடைத்துக்கொண்டே கணவரைத் திட்டுவாள். கீழ்க் கீலுக்குப் பக்கத்தில் ஒரு திட்டு மற்ற இடத்தைவிட மங்கலாக இருக்கும். எப்போதோ மாடு முட்டிப் பெயர்ந்த இடம் அது. வேறு கம்பெனி பெயிண்டை வாங்கி வந்து அவர் அடித்திருந்தார்.

"நான் மக பிரசவத்துக்குப் போயிருந்தேன். வந்து தொடைச்சுப் பாத்தா இப்படி. கேட்டா, அச்சு அசல் அதே கலருன்னு சாதிச்சாக. சாவுற வரைக்கும் ஒத்துக்கிடலயே. வாழ்க்கையில ஒரே ஒரு பொய்தான் சொன்னாக. அதையும் எல்லாரும் பாக்கட்டும்னு கேட்டுல பூசிட்டுப் போயிட்டாக."

இப்போது ஒரு மாதமாகச் சென்னையில் மகன் வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகிறாள்.

"போன் பண்ணி சொல்லிடுங்க," என்றாள் அம்சவல்லி.

"போன்ல சொன்னா அங்கியே உக்காந்து அழுதுகினு இருக்கும்."

"நேர்ல பாத்தா அழாதா?"

"நேர்ல பாக்கறப்ப ஒண்ணும் தெரியாது. நான் பாத்துக்கறேன்."

ஷிஃப்ட் முடிந்ததும் மந்தாரக்குப்பம் கடையில் ஒரு சின்ன டப்பா வாங்கினான். மூடியில் டார்க் கிரீன் என்று இருந்தது. அட்டையில் பூசிக் காயவைத்துக் கேட்டோடு சேர்த்துப் பிடித்தான். நீலம் அடித்தது. அடுத்த நாள் இன்னொரு கம்பெனியின் டார்க் கிரீன். அது வேப்பங்கொழுந்து போல மஞ்சள் தட்டியது. அதற்கடுத்த நாள் வடலூருக்குப் பஸ் ஏறினான். அங்கே கிடைத்த டார்க் கிரீனைக் கறுப்பு என்றே சொல்லலாம்.

"எல்லாத்திலயும் ஒரே பேருதான் போட்டுருக்கு," என்றான் வடலூர்க் கடைக்காரரிடம்.

"உங்க பேரு என்னாங்க?"

"கொளஞ்சிநாதன்."

"உங்க கூட வேலை செய்றவங்கள்ள எத்தினி கொளஞ்சி?"

"அது இருக்கும் அஞ்சாறு."

"எல்லாரும் ஒரே மாதிரியாவா இருக்கீங்க?"

கடையில் மிஷின் இருந்தது. பொருளைக் கொண்டு வந்து காட்டினால் அதே நிறத்தைக் கலந்து தரும் என்றார் கடைக்காரர்.

"பொருளு கேட்டுங்க."

"கழட்டியாந்துடுங்க."

பஸ்ஸில் வீடு வரும்வரை அதைப் பற்றி யோசித்தான். அம்சவல்லியிடம் சொன்னான்.

"கேட்டைத் தூக்கிகினு பஸ் ஏறுனா கண்டக்டர் அதுக்கும் டிக்கெட் போடுவாரு," என்றாள். "இங்க குடுங்க அந்த மூணு டப்பாவையும்."

மாடிப்படியில் உட்கார்ந்து கொட்டாங்குச்சிகளை வரிசையாக வைத்தாள். மூன்று பச்சையையும் ஐஸ் குச்சியால் கலந்தாள். நீலத்தை மஞ்சள் அமுக்கியது. இரண்டையும் கறுப்பு அமுக்கியது. கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் கேட்டின் அருகே பிடித்தால் தனியாகப் பளிச்சென்று நின்றது.

ஜன்னல் கம்பிக்கு அடித்துப் போக மீந்த சாம்பல் நிறம் ஒரு டப்பாவில் இருந்தது. அதில் குச்சியைத் தொட்டுக் கலந்தாள். திரும்பவும் தொட்டாள்.

"பச்சையில எவனாவது சாம்பலைக் கலப்பானா?"

"சும்மா இருங்க."

அவள் அட்டையைக் கேட்டின் மேல் வைத்தாள். அட்டையின் விளிம்பு மறைந்தது. அவன் கிட்டே வந்து பார்த்தான். தள்ளிப் போய்ப் பார்த்தான்.

"அம்சா, நீ மைன்ஸ் கேண்டீன்ல டீ கலக்கற ஆளே இல்ல. வேற எங்கியோ இருக்க வேண்டிய ஆளு."

"டீயையும் ஒருநாள் இப்பிடி நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க."

பேச்சியம்மாள் சொன்னது நினைவில் இருந்ததால் பெயர்ந்த இடத்தைத் தவிர வேறெங்கும் கை வைக்கவில்லை. அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, காய்ந்த பின் பச்சையை அடித்தான். முதலில் கொஞ்சம் மினுமினுத்தது. இரண்டு நாள் காற்றில் அதுவும் அடங்கியது. சனிக்கிழமை காலை இருவரும் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள்.

"எந்த எடம், சொல்லு பாப்பம்," என்றான்.

"தெரியல."

"எனக்கும் தெரியல."

அவள் தெருவைக் கடந்து வந்து கீழ்க் கீல் அருகே குந்தினாள்.

"ஏங்க, மாடு முட்டுன எடத்துல பெரியப்பா அடிச்ச திட்டு இங்கதான இருந்துச்சு? காணோம்."

"வெயிலு அந்தப் பக்கம் இருக்குது. தெரியாது. அது எங்க போவப் போவுது?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோ வந்தது. பேச்சியம்மாள் பைகளோடு இறங்கினாள். கேட்டின் முன் நின்று மேலும் கீழும் பார்த்தாள். கொளஞ்சிநாதன் பைகளை வாங்கிக்கொண்டான்.

"ஒரு மாசம் ஆளு இல்லன்னா கோலத்தப் பாரு. பவர் ஹவுஸ் சாம்பலா அப்பிக் கெடக்கு. ஏட்டி அம்சா, ஒரு வாளி தண்ணி கொண்டா."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம பெரியம்மா," என்றான்.

"அழுக்குக்குக் கெழமை தெரியுமாக்கும்?"

"டீ குடிச்சிட்டு..."

"குடிக்கேன் குடிக்கேன்."

பனியன் துணியை நனைத்து மேல்கம்பியில் ஒரு இழுப்பு இழுத்தாள். தண்ணீர் சாம்பலாக வழிந்தது. துணி போன வழியில் பச்சை தெரிந்தது. மழையில் நனைந்த இலையின் பச்சை. இவர்கள் அட்டையில் பிடித்தது அது இல்லை.

கொளஞ்சிநாதன் அம்சவல்லியைப் பார்த்தான். அவள் வாளியைப் பார்த்தாள்.

பேச்சியம்மாள் மேலிருந்து கீழே வந்தாள். கேட் முழுக்கப் பச்சையானது. வலது கதவின் நடுவில் கையகலம் மட்டும் மாறவில்லை. அங்கே தேய்த்தாள். துணியை அலசிப் பிழிந்து மறுபடி தேய்த்தாள்.

"பீரோ பெரியம்மா," என்றான். "மூலை இடிச்சிடுச்சு. நான்தான் ஒரு கதவை மட்டும் தொறந்து..."

"கலந்தது நானு," என்றாள் அம்சவல்லி.

பேச்சியம்மாள் துணியை வாளியில் போட்டாள். அந்த இடத்தை விரலால் தடவினாள். இவர்கள் அவள் அழப்போகிறாள் என்று நினைத்தார்கள்.

"அடிக்கையில அதே கலராத்தான இருந்துச்சு?"

"சத்தியமா பெரியம்மா. அச்சு அசல். எதிர்ல நின்னுகூட பாத்தோம்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். கீழ்க் கீலைச் சுற்றி இன்னும் துடைக்கவில்லை. துடைத்தாள். பச்சை வந்தது. அதன் நடுவே பழைய திட்டும் வந்தது. அதைப் பார்த்தாள். நடுவில் இருந்த புதிய திட்டைப் பார்த்தாள். இரண்டும் ஒரே மங்கல்.

"நான் அன்னைக்கும் ஊர்ல இல்ல," என்றாள்.

பழைய திட்டின் மேல் துணியை இன்னொரு முறை ஓட்டினாள்.

"தொடைக்க ஆளில்லாம சாம்பல் அப்பிக் கெடந்திருக்கும். அவுக அதைப் பாத்துத்தான் வாங்கியிருக்காக."

"ஆமாங்க பெரியம்மா," என்றாள் அம்சவல்லி.

"அவுக பொய் சொல்லல."

அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதிலிருந்த சாம்பல் கன்னத்தில் ஒட்டியது.

"எத்தன ஏச்சு ஏசியிருப்பேன் மனுசன. ஆஸ்பத்திரியில படுத்திருக்கயிலகூட கேட்டேனே, இப்பவாச்சும் உண்மையச் சொல்லுங்கன்னு. அதே கலருதான் பேச்சின்னாக."

கொளஞ்சிநாதன் அவளுக்குக் கை கொடுத்துத் தூக்கினான்.

"கழுவியாச்சு இல்ல பெரியம்மா. இப்ப சரியா தெரியுது. திரும்பவும் கலந்து ரெண்டு எடத்திலயும் அடிச்சிடறேன்."

"எய்யா, தொட்ட, மாடிய விட்டே கெளப்பிருவேன். டீ எங்கட்டி?"

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அம்சவல்லி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொளஞ்சிநாதன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கீழே வாளி வைக்கும் சத்தம் கேட்டது. வழக்கமான ஏச்சுக்கு இருவரும் காத்திருந்தார்கள். கீலைத் துடைக்கும் வரை பேச்சியம்மாள் வாயே திறக்கவில்லை. அந்த இடத்தில் துணி மெதுவாகப் போயிருக்க வேண்டும். நேரமெடுத்தது. பிறகு வலது கதவின் நடுவுக்கு வந்தாள்.

"கண்ண எங்க வச்சிருந்தான்? ரெண்டு கதவு எதுக்கு இருக்கு? ஒண்ணத் தொறந்தா போதும்னு எந்த மடையன் சொன்னான் இவனுக்கு?"

அம்சவல்லி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குனிந்தாள்.

"நல்லா கேளுங்க பெரியம்மா," என்றாள்.