நடந்துபோன புண்

என் பெண்டாட்டி பேச்சியம்மாவின் தொண்டையில் இருந்தது மேகவியாதிப் புண் இல்லை என்று கண்டுபிடித்தவள் பேச்சியம்மாவேதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் இப்போது ஆளாளுக்கு அந்தப் பெருமைக்குப் பங்கு கேட்கிறார்கள்.

ஐம்பத்தேழாம் வருடம், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் அவள் ஆயா. ஒரு வாரமாகத் தொண்டையில் ஊறலெடுத்து இரத்தம் துப்பினாள். தோட்டத்து மருந்துக்காரர் கஸ்பர் ஐயா டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இடது பக்கம் கருஞ்சிவப்பாப் புண்ணு. வலியும் இல்லேங்கிற. மேகவியாதி மாதிரி தெரியுதும்மா. இரத்தத்தக் கண்டிக்கு அனுப்புறேன். அதுவரைக்கும் புள்ளைங்களத் தொடாத."

எங்கள் இருவருக்கும் இடுப்பில் ஊசி போட்டார். வாசலில் மருந்துக்கு நின்ற வேலாயியின் காதில் எல்லாம் விழுந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் எட்டு லயத்து வீடுகளுக்கும் தெரிந்துவிட்டது.

மேகவியாதி ஆண்-பெண் உறவில் ஒட்டுவது. வீட்டுக்கு வந்ததும் நான் அவளிடம், "யாரு?" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு என் நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம்.

"அதே கேள்விய நானும் ஒங்களக் கேக்கலாம். கேக்கல," என்றாள்.

மறுநாள் காலை வெயிலில் கண்ணாடி முன் வாயைத் திறந்தவள் என்னைக் கூப்பிட்டாள். இடது பக்கம் சுத்தமாக இருந்தது. கருஞ்சிவப்பு வலது பக்கம் போயிருந்தது.

"புண்ணுக்குக் காலு மொளைக்குமாங்க?"

அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. போன வருடம் ஓடையில் தண்ணீர் குடித்த எங்கள் பசுவுக்கு மூக்கில் இரத்தம் வந்தது. உள்ளே அட்டை. தாகத்தோடு கட்டிப்போட்டு, தண்ணீரை மூக்கருகே காட்டி வெளியே வரவழைத்தவள் அவள்தான். விறகு பொறுக்கப் போனபோது இவளும் அதே ஓடையில் அள்ளிக் குடித்திருந்தாள்.

மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பிறகு மருந்துச்சாலைக்குப் போய், ஒரு சட்டி ஓடைத் தண்ணீரை முன்னால் வைத்து உட்கார்ந்தாள்.

"ஐயா, மேகவியாதிப் புண்ணு எடம் மாறுமா?"

கஸ்பர் ஐயா டார்ச்சை எடுத்துப் பார்த்தார். "மாறாதே," என்றார் மெதுவாக.

தண்ணீருக்கு மேல் குனிந்து வாயைத் திறந்தபடி இருந்தாள். கழுத்து நோகும் நேரம் ஆயிற்று. கறுப்பாக ஒரு முனை நாக்கின் மேல் நீண்டு தண்ணீரைத் தேடியது. கஸ்பர் ஐயா கவ்வியால் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல், அது தானாகப் பிடி விடும்வரை காத்திருந்து எடுத்தார். என் சுண்டுவிரல் நீளம் இருந்தது.

"மன்னிச்சிரும்மா. வேலைக்குப் போகலாம்னு சீட்டு எழுதித் தர்றேன்."

"சீட்ட யாருங்கய்யா படிப்பா? பெரட்டுல சொல்லுங்க."

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில், பேர் கூப்பிடும் முன், இருநூறு பேருக்கு முன்னால் அவர் அட்டையைப் போட்டு வைத்த போத்தலை உயர்த்திப் பிடித்தார். "பேச்சியம்மாவோட வியாதி இந்த அட்டைதான். தப்பு என்னோடது."

வேலாயி தலைகுனிந்து வந்து தன் பிள்ளையை நீட்டினாள். பேச்சியம்மா உடனே வாங்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நானும் சந்தேகப்பட்டேன்," என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "தப்பு என்னோடதுந்தான்."

"சரி, வேலைக்குப் போங்க," என்று சொல்லிவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவை நோக்கி நடந்தாள். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

அந்தப் பெருமையில் என் பங்கு இவ்வளவுதான்: அவளுடைய புருஷன் நான்.