சாவியை எடுத்த பிறகும்

வெள்ளைச் சேலையின் கொய்யகத்தை அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டு, அதற்கு மேலேயே அண்ணனின் நீல ஓவரோலை மாட்டினாள் ஆதிரை. கைகள் விரல்களைத் தாண்டித் தொங்கின. மடித்துவிட்டாள். பையில் ஏதோ தட்டுப்பட்டது. சூப்பர்மார்க்கற் தள்ளுவண்டிலுக்குப் போடுகிற பிளாஸ்டிக் வில்லை. எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே போட்டாள். எஞ்சின் மூடியைத் தூக்கினாள். மணி எட்டரை. பதினொன்றுக்கு அண்ணன் கீர்த்தனனின் உடல் மயான மண்டபத்துக்கு வந்துவிடும். அதற்குள் இந்தக் காரை, நிறுத்தினால் நிற்கிற கார் ஆக்கவேண்டும்.

நிறுத்தினால் நிற்காமல் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் இதை ஓட்டியிருக்க மாட்டார்கள். சாவியைத் திருப்பி, உருவி, கையில் பிடித்துக்கொண்டு நின்றாலும் இது உடம்பைக் குலுக்கிக் குலுக்கி இன்னும் சில தரம் இருமிவிட்டுத்தான் ஓயும். அறுபத்தொன்பதாம் ஆண்டு அமெரிக்கச் செவெல். எட்டு சிலிண்டர். ஹம் நகரத்தில், மூன்றாம் மாடிக் குடியிருப்புக்குப் பின்னால், வாடகைக் கராஜ் ஒன்றில் கீர்த்தனன் ஆறு வருடமாகத் துருவைச் சுரண்டிச் சுரண்டிக் கட்டி எழுப்பிய கார்.

மே மாதம் ஊன்ட்றொப் அம்மன் கோயில் வாசலில் மானம் போயிருந்தது. வாகனப் பூசை. ஐயர் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரத்தைக் கொளுத்த, கீர்த்தனன் சாவியை எடுத்து நெஞ்சோடு சேர்த்துக் கும்பிட்டான். கார் கும்பிடவில்லை. டுக், டுக் என்று துள்ளியது. ஐயர் தட்டோடு இரண்டடி பின்னுக்குப் போனார். அவர்களுடைய சித்தப்பா நவரத்தினம் அன்றிலிருந்து எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் இந்தக் கதையை அவிழ்க்காமல் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

அதே சித்தப்பாதான் நேற்றுப் பின்னேரம் கூடத்தில் எழுந்து நின்றார்.

"உது அங்கை வந்து பிரேதத்துக்கு முன்னாலை குலுங்கிச்செண்டால் சனம் அழுகிறதோ, சிரிக்கிறதோ? வான் பிடிச்சிருக்கு. எல்லாரும் வானிலை போவம்."

கீர்த்தனனின் மனைவி வனஜா பத்து நாளாக ஒருவரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. தண்ணீர்கூட யாராவது கொடுத்தால்தான். அவள் நிலத்தைப் பார்த்தபடி, அவரின்ரை காரிலைதான் நான் போவன் என்றாள். கூடத்தில் இருந்த அத்தனை முகமும் ஆதிரை பக்கம் திரும்பியது. டுசல்டோர்ஃபில் கார் திருத்தும் வேலை அவளுக்குத்தானே.

"நான் நிப்பாட்டித் தாறன், சித்தப்பா," என்றாள்.

சொல்வது சுகம். இந்த இருமலைக் காருக்குக் கொடுத்தது யார் என்று கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

சென்ற மாசியில் பழைய கார்புரேட்டர் சரிவராது என்று முடிவாகிப் புதிது வாங்கவேண்டி வந்தது. காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான் அது. எவ்வளவு காற்றை விழுங்கும் என்பதுதான் அதன் அளவு. கீர்த்தனன் அறுநூறு போதும் என்றான். ஆதிரை எழுநூற்றைம்பதில் நின்றாள்.

"அறுநூறு பென்ஷன்காரருக்கு, அண்ணா. உந்த எஞ்சினுக்கு உதைப் பூட்டினால் வெக்கக்கேடு."

"நான் உன்னை மாதிரி ஒட்டோபானிலை பறக்கவோ போறன்? உன்ரை அண்ணியை ஏத்திக்கொண்டு மரக்கறி வாங்கப் போறன்."

"அப்ப ஒரு சைக்கிள் வாங்குங்கோ."

அவன் சிரித்தான். சிரித்தால் தோற்றுவிட்டான் என்று அர்த்தம். பங்குனியில் வந்து எழுநூற்றைம்பதைத் தன் கையாலேயே பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒட்டோபான் வேகச்சாலையில் அது புலி. சிவப்பு விளக்கில் நோயாளி. மெதுவாக ஓடும்போது அவ்வளவு பெரிய வாய்க்கு வேலையில்லை. மூச்சு முட்டி நின்றுபோகும், பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். நின்றுபோகாமல் இருக்க அவன் ஐடில் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, நிற்கும்போது எஞ்சின் சுற்றுகிற வேகத்தை ஏற்றினான். வேகம் ஏற ஏற, சாவியை எடுத்த பிறகு வருகிற இருமலும் கூடியது. போன் பண்ணிச் சொன்னான். எத்தினை தரம் எண்டு எண்ணி எழுதிவையுங்கோ, வந்து பார்க்கிறன் என்றாள். பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒரு சாட்டு. கடைசியாகப் பேசியது ஒரு திங்கட்கிழமை. வாற சனி ஏலாது, அதுக்கடுத்த சனி கட்டாயம் என்றாள். புதன்கிழமை, களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றவன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சரிந்தான். இதயம் என்றார்கள். முப்பத்தெட்டு வயது.

அதுக்கடுத்த சனி இன்றைக்குத்தான்.

சாரதி இருக்கையில் ஏறினாள். அவன் கால் நீளத்துக்குத் தள்ளி வைத்திருந்த இருக்கை. அவளுக்குப் பெடல் எட்டவில்லை. இருக்கையை முன்னுக்கு இழுக்கக் கை போனது, திரும்பி வந்தது. விளிம்பில் குந்தியபடியே சாவியைத் திருப்பினாள். பத்து நாள் கிடந்த எஞ்சின் ஒரு உறுமலில் பிடித்துக்கொண்டது. கராஜ் முழுக்கப் பெற்றோல் மணம், அவன் வீட்டுக்குள் வரும்போது கூடவே வருகிற மணம். சூடேறவிட்டு நிறுத்திப் பார்த்தாள். சாவி உள்ளங்கையில் இருக்க, தன்பாட்டில் கார் குலுங்கியது. ஏழு தரம்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். நீளமாக ஒட்டிய வெள்ளை ரேப்பில் பென்சில் எழுத்து. திகதி, பக்கத்தில் ஒரு எண். நாலு. நாலு. ஐந்து. ஆறு. கடைசித் திகதிக்கு நேரே ஏழு. சொன்னபடி எண்ணி எழுதியிருக்கிறான்.

சின்னத் திருப்புளி தேடித் தட்டில் கையை விட்டாள். ஒயில் கான்களுக்குப் பின்னால் ஒரு பெட்டி. இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். புத்தம் புதிய கார்புரேட்டர். அறுநூறு. உறை பிரிக்கவில்லை. அடியில் வைக்கிற காஸ்கெற், நாலு நட்டு எல்லாம் சின்னப் பையில் போட்டு மேலே ஒட்டியிருந்தான். பற்றுச்சீட்டில் யூன் மாதம். மாற்றுவதற்கு ஒரு மணித்தியாலம் போதும். அது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

இப்போதும் ஒரு மணித்தியாலம் இருந்தது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒயில் கான்களுக்குப் பின்னால், தூசியில் தெரிந்த சதுரத்திலேயே பொருத்தி வைத்தாள்.

இருப்பதோடுதான் மல்லுக்கட்டினாள். எஞ்சின் உறிஞ்சுகிற அளவைக் காட்டும் வாக்குவம் கேஜைக் கொளுவி, எஞ்சினை ஓடவிட்டு, கலவைத் திருகாணிகள் இரண்டையும் வலது கொஞ்சம், இடது கொஞ்சம் என்று மாறி மாறித் திருப்பினாள். ஊசி நடுங்கி நடுங்கி ஏறி, ஓரிடத்தில் அசையாமல் நின்றது. தீப்பொறி விழும் நேரத்தை ஒரு மயிரிழை முன்னுக்குத் தள்ளினாள். பிறகு ஐடிலைக் குறைத்தாள். எஞ்சின் மூச்சு முட்டவில்லை. இதை எந்தச் சனிக்கிழமையும் செய்திருக்கலாம். நாற்பது நிமிட வேலை.

சாவியைத் திருப்பினாள்.

நின்றது. கத்தியால் வெட்டியதுபோல. எங்கோ ஒரு வீட்டில் புல்லு வெட்டும் சத்தம் கேட்டது. ஆதிரை கையில் சாவியோடு எதற்கோ காத்திருப்பவள்போல் இருந்தாள்.

கராஜ் வாசலில் நிழல் விழுந்தது. வனஜா. ஈரத் தலை, வெள்ளைச் சேலை, காலில் வீட்டுச் செருப்பு. மாடிப்படி இறங்கி ஓடி வந்திருக்கவேண்டும், மூச்சு வாங்கியது.

"ஏன் ஆதி, என்ன நடந்தது? நிண்டிட்டுது."

"நான் நிப்பாட்டினனான், அண்ணி. சரிவந்திட்டுது."

வனஜா காரைப் பார்த்தாள். சுவரில் இருந்த ரேப்பைப் பார்த்தாள்.

"மேலை குசினியிலை நிண்டு நானும் எண்ணுறனான்," என்றாள். "கீழை வந்திட்டார் எண்டு தெரியும். உது இருமி முடிய, படியிலை கால் சத்தம் கேக்கும். அதுக்குப் பிறகுதான் கேத்திலைப் போடுறது." ஈர மயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். "இண்டைக்கும் காதைக் குடுத்துக்கொண்டு நிண்டனான். முதலாவதே வரேல்லை."

ஆதிரை ஓவரோல் கையில் விரல்களைத் துடைத்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டாள்.

"அங்கை ஒரு பெட்டி இருக்கு. ஏன் அண்ணா பூட்டேல்லை?"

"நான் நச்சரிச்சனான். ஆதி வரட்டும், அவளிட்டைக் கேட்டுப்போட்டு மாத்துவம், இல்லாட்டிப் பிள்ளை மனம் நோவாள் எண்டவர்."

வெளியே செருப்புச் சத்தம். சித்தப்பா வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"நிக்குதோ?"

"நிக்குது, சித்தப்பா."

"அப்பாடா," என்று சொல்லிவிட்டு, வான் எங்கே என்று போனில் யாரையோ விரட்டிக்கொண்டே போனார். வனஜா கீர்த்தனனின் படத்தை எடுத்துவர மேலே ஏறினாள். செருப்புச் சத்தம் படிப்படியாகத் தேய்ந்து, மூன்றாம் மாடியில் கதவு சாத்தும் வரைக்கும் ஆதிரை அசையவில்லை. பிறகு திருப்புளியை எடுத்தாள். குனிந்து ஐடில் திருகாணியைக் கால் சுற்று உள்ளே முறுக்கினாள். இன்னும் கால். கேஜைப் பார்க்கவில்லை, அதைக் கழற்றி வைத்துவிட்டாள்.

மண்டப வாசலில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். கறுப்புப் பிரேத ஊர்தி முன்னமே வந்து பின்கதவைத் திறந்து வைத்திருந்தது. சித்தப்பா, முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, காரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆதிரை ஊர்திக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். பக்கத்து இருக்கையில் வனஜா, மடியில் கீர்த்தனனின் படம்.

சாவியை எடுத்தாள்.

கார் குலுங்கியது. படத்தில் தொங்கிய மாலையும் சேர்ந்து குலுங்கியது. சித்தப்பா வாயைத் திறந்தார். பிறகு வனஜாவைக் கண்டார், தலையைக் குனிந்துகொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. படச் சட்டத்தின் விளிம்பில் வனஜாவின் விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. ஒரு கை முடிந்து, அடுத்த கையில் இரண்டு.

அதற்குப் பிறகு சத்தமில்லை.

வனஜா தலையைச் சாய்த்து இன்னும் கொஞ்ச நேரம் காது கொடுத்தபடி இருந்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.