நீலப் புள்ளி விழுந்த வரிசை

ரௌனி லெப்பாகோர்ப்பி எதன்மேல் ஒட்டியிருக்கும் லேபிளையும் உதடசைத்துப் படிக்காமல் அப்பால் நகரமாட்டாள். வீட்டில் காப்பிப் பொட்டலமாயினும் சரி, ஏரிக்கரைப் பசைத் தொழிற்சாலையில் இடுப்பளவுப் பீப்பாயாயினும் சரி, அவளுக்கு இரண்டும் ஒன்றே. படித்து முடித்ததும் உள்ளங்கையால் ஒருமுறை தடவி, ஓரம் எங்கேனும் தூக்கியிருக்கிறதா என்று பார்ப்பாள். கிடங்கைவிட்டு வெளியேறும் சரக்குக்கெல்லாம் இறுதி ஒப்புதல் தருபவள் அவள்தான். ஆகையால் அவ்வழக்கத்தை எவரும் கேலி செய்ததில்லை, தாவெட்டி ஒருவனைத் தவிர. பீப்பாய்களை வண்டியில் தூக்கி அடுக்கும் தாவெட்டி எதையும் விட்டுவைப்பவன் அல்லன்.

அந்தக் குளிர்காலத்தில் லேபிள்களே மாறிப்போயின. புதிய லேபிளின் மூலையில் வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கும். பசை கெடக்கூடிய அளவுக்குப் பீப்பாய் சூடேறினால் அது நீலமாகிவிடும். பிறகு எவ்வளவு குளிர்ந்தாலும் வெள்ளைக்குத் திரும்பாது. வாங்குபவர் தம் கைப்பேசியை லேபிளருகே காட்டினால், சூடேறிய நாளையும்கூட அது சொல்லிவிடும். இவற்றை ஒட்டுவதற்கென்றே ஓர் இயந்திரமும் வந்து, கிடங்கின் நடுவில் பாதி இடத்தைப் பிடித்து அமர்ந்துகொண்டது.

திங்கட்கிழமை காலை ரௌனி வந்து பார்த்தபோது, சுவரோரம் நின்ற வரிசை முழுவதும் நீலமாகியிருந்தது.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே ஏரி உறைந்து கிடந்தது. கிடங்கின் வெப்பமானி எப்போதும்போல் மிதமான குளிரையே காட்டியது. மற்ற வரிசைகளில் புள்ளிகள் பால்போல் வெளுத்திருந்தன. ஒரே அறைக்குள் ஒரு வரிசைக்கு மட்டும் கோடை வந்து போகுமா?

அந்தப் பசை, மரப்பலகைகளை ஒட்டி நீண்ட உத்தரங்கள் செய்யும் ஆலைக்குப் போகவேண்டியது. ஒரு பள்ளியின் விளையாட்டுக்கூடக் கூரையை அவ்வுத்தரங்கள் தாங்கப்போகின்றன. கெட்ட பசைக்கு அவள் ஒப்புதல் தந்துவிட்டால், பிள்ளைகளின் தலைக்குமேல் அன்றோ அது நிற்கும்? நல்ல பசையை நிறுத்திவைத்தாலோ, ஆலையில் வேலை நின்றுபோகும். அடுத்த திங்களன்று லாரி வருவதாக இருந்தது.

ஆய்வுக்கூடத் தலைவி மைக்கா, நீலப்புள்ளிப் பீப்பாய்களிலிருந்து பசை எடுத்துக் கட்டைகளை ஒட்டி, பிளந்து பார்த்தாள். மரந்தான் கிழிந்ததேயன்றிப் பசை விடவில்லை. அப்படியானால் லேபிள் பொய் சொல்கிறதா? லேபிள் செய்யும் டச்சு நிறுவனத்தாரை ரௌனி தொலைபேசியில் அழைத்தாள். பக்கத்தில் சூடான பொருள் ஏதேனும் உண்டா என்று அவர்கள் கேட்டனர். அவள் மைக்காவையும் கேட்டு, தாவெட்டியையும் கேட்டு, அப்படி எதுவும் இல்லையென்று உண்மையாகவே நம்பிப் பதில் சொன்னாள். அப்படியிருக்க லேபிள் பிசகியதற்குக் காரணம் அவர்களுக்கும் தெரியவில்லை.

தாவெட்டியிடம் மட்டும் வழி இருந்தது.

"பசை நல்லாத்தான் இருக்குன்னு மைக்காவே சொல்லிட்டாளே. நீலத்த உரிச்சுப் போட்டுட்டு வெள்ளைய ஒட்டச் சொல்லு, ரௌனி. மெஷினுக்கு வாயா இருக்கு, வெளிய போய்ச் சொல்ல?"

"லேபிளுக்கு வாய் இருக்கே," என்றாள் ரௌனி. "அது என்ன சொல்லுதுன்னுதான் நமக்குப் புரியல."

அவ்வாரம் முழுவதும் அவள் நிலைகொள்ளவில்லை. புள்ளியைப் பார்த்தால் பசை கெட்டதென்று தோன்றும். கட்டையைப் பார்த்தால் நல்லதென்று தோன்றும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும், வழக்கம்போல் தொழிற்சாலையின் நீராவிக் குளியலறையான சவுனாவில் பெண்களின் முறை முதலில் வந்தது. ரௌனியும் மைக்காவும் மேல்படியில் வியர்த்து அமர்ந்திருந்தனர். அங்கே வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. மைக்கா அகப்பையால் நீரை மொண்டு கல்லடுப்பின்மேல் ஊற்றினாள். ஆவி சீறி எழுந்தது. அகப்பையை வைக்காமல், அடுப்புக்குப் பின்னாலிருந்த சுவரையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரௌனி, இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

கிடங்கு என்று சொல்ல வாயெடுத்த ரௌனி பாதியில் நிறுத்திக்கொண்டாள். முன்பெல்லாம் சுவருக்கும் பீப்பாய்களுக்கும் நடுவே ஓர் ஆள் நடந்துபோக இடம் இருந்தது. புதிய இயந்திரம் உட்காரவேண்டுமென்று தாவெட்டி அவ்வரிசையைச் சுவரோடு சுவராகத் தள்ளிவைத்திருந்தான். டச்சுக்காரர்கள் கேட்டபோது மூவரில் ஒருவருக்கேனும் சவுனா நினைவுக்கு வரவில்லை. சவுனா சவுனாதான், அதைச் சூடான பொருள் என்று எவர் எண்ணுவார்?

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தனர். சிரிப்பு அடங்கியதும் ரௌனி கேட்டாள்:

"அப்ப பசை கெட்டுப்போச்சா?"

"இன்னிக்குக் கெடல. அந்த உத்தரம் கூரையில ஏறிப் பத்து வருஷம் நின்னப்புறம் எப்படின்னு கேட்டா, எனக்குத் தெரியல. இப்படிச் சூடாக்கி யாரும் சோதிச்சதில்ல."

காரணம் அகப்பட்டும் குழப்பம் தீரவில்லை. லேபிளும் பொய் சொல்லவில்லை, கட்டையும் பொய் சொல்லவில்லை. இரண்டும் மெய்யென்றால் எதைக்கொண்டு ஒப்புதல் தருவது? உடைமாற்றும் அறையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் நெடுநேரம் அமர்ந்திருந்தாள்.

தாவெட்டி கதவைத் தட்டி, உள்ளே வெந்துவிட்டீர்களா, ஆண்கள் குளிரில் நிற்கிறோம் என்றான். அவள் உடுத்திக்கொண்டு வெளியே வந்து நடந்ததைச் சொன்னாள். அவன் தன் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டான்.

"சவுனாவுல வேகவச்சோம்னா ஆலைக்காரங்ககிட்டச் சொல்லப்போற? ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும்," என்றாள் ரௌனி. "அந்தப் பசை நல்லதா கெட்டதான்னு எனக்கு இப்பவும் தெரியல. திங்கக்கிழமை லாரியில வெள்ளை மட்டும் போகும். நீலம் இங்கயே இருக்கட்டும்."